மிளகாய் ரகங்களின் காரத்தை ஒப்பிடுவது எப்படி? எண்ணிலிருந்து நாக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே பையில் இருந்த இரண்டு ஹலபீனோ மிளகாய். முதல் காயை நறுக்கிக் கடித்துப் பார்த்தேன். வெள்ளரிக்காய் மாதிரி சவசவ என்று இருந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது காயைப் பெரிய துண்டாக வாயில் போட்டேன். மூன்று நொடிதான். காதுமடல் வரை சூடு ஏறி, மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. இரண்டும் ஒரே ரகம், ஒரே பச்சை, கிட்டத்தட்ட ஒரே நீளம்.

அதற்குப் பிறகுதான் காரப் பட்டியல்களை நான் வேறு மாதிரி படிக்கத் தொடங்கினேன். பட்டியலில் இருக்கும் எண், பரிசோதனைக்குப் போன சில காய்களுடைய எண். உங்கள் கையில் இருக்கும் காய்க்கு அது ஓர் உத்தேசக் கணக்கு. ஆகவே இங்கே இரண்டு வேலை இருக்கிறது. எண்களை ஏமாறாமல் படிக்கத் தெரிய வேண்டும். அப்புறம், கையில் இருக்கும் ரகங்களை வீட்டிலேயே ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். எண் மட்டும் போதும் என்பவர்கள் நான்காவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறுசுவையில் கார்ப்புக்கும் ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் உடலின் கணக்கில் அது சுவையே இல்லை. நாக்கின் சுவை மொட்டுகளுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மிளகாயில் உள்ள காப்சைசின் என்ற பொருள், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தைத் தூண்டிவிடுகிறது. வழக்கமாக 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால்தான் இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். காப்சைசின் வந்து ஒட்டினால் சூடே இல்லாமல் விழித்துக்கொள்கிறது. மூளைக்குப் போகும் சேதி 'வாய் வெந்துவிட்டது' என்பதுதான். வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். 1997-இல் டேவிட் ஜூலியஸின் குழு இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பறவைகளின் உடலில் இருக்கும் இதே புரதம் காப்சைசினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. கிளி மிளகாயைக் கொறித்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போவதன் ரகசியம் இதுதான். விதையை மென்று நொறுக்கும் விலங்குகளை விரட்டிவிட்டு, முழுதாக விழுங்கித் தூரத்தில் போட்டுவிட்டு வரும் பறவையை மட்டும் செடி பக்கத்தில் விட்டுக்கொள்கிறது.

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பார்கள். சரிதான், ஆனால் கடுகின் காரம் வேறு வேதிப்பொருள். மூக்கில் ஏறும், சட்டென்று அடங்கும். மிளகின் காரம் பைப்பரின். மிளகாய்க்கு 'மிளகு'விலிருந்து பெயர் கொடுத்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு தாவரக் குடும்பங்கள். எனவே கடுகையும் மிளகையும் மிளகாயோடு ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடாதீர்கள். நாம் ஒப்பிடப் போவது மிளகாயோடு மிளகாயை மட்டும்.

மிளகாய்க்குள்ளேயும் காப்சைசின் தனியாக இருப்பதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த டைஹைட்ரோகாப்சைசின், நார்டைஹைட்ரோகாப்சைசின் போன்ற உறவினர்களும் கூடவே இருக்கிறார்கள். காரத்தின் பெரும்பங்கு காப்சைசினும் டைஹைட்ரோகாப்சைசினும் தருவது. மற்றவர்களுக்கு வீரியம் குறைவு. இந்தக் கலவை ரகத்துக்கு ரகம் மாறுவது, இரண்டு மிளகாயும் ஒரே அளவு காரமாக இருந்தும் எரிவது வேறு மாதிரி இருப்பதற்கு ஒரு காரணம்.

படி 2: ஸ்கோவில் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர், பார்க் டேவிஸ் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை செய்தபோது காரத்தை அளக்கும் இந்த முறையை உருவாக்கினார். காய்ந்த மிளகாயை எடை போட்டு ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேருக்குச் சுவைக்கக் கொடுப்பார். காரம் தெரிகிறது என்றால் இன்னும் நீர்க்கச் செய்வார். ஐவரில் மூவருக்கு 'தெரியவில்லை' என்று ஆகும்வரை இது தொடரும். ஒரு மிளகாய்க்கு 40,000 ஸ்கோவில் என்றால், அதன் சாற்றை 40,000 மடங்கு நீர்க்கச் செய்த பிறகுதான் காரம் மறைந்தது என்று பொருள்.

மனித நாக்கை நம்பிய முறை என்பதால் ஆளுக்கு ஆள் முடிவு மாறியது. இப்போது ஆய்வகங்களில் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் காப்சைசின் குடும்பத்தின் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாக அளந்து, அதை ஸ்கோவில் எண்ணாக மாற்றுகிறார்கள். தூய காப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம் ஸ்கோவில். அதனால் மாற்றும் கணக்கு எளிது: காய்ந்த மிளகாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு காப்சைசின் இருந்தால் 16 ஸ்கோவில்.

இனி வருவதுதான் பெரும்பாலான பட்டியல்கள் சொல்லாமல் விடுவது. ஸ்கோவில் எண் உலர் எடைக்கு உரியது. பச்சை மிளகாயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 ஸ்கோவில் உள்ள ஹலபீனோவைப் பச்சையாக 10 கிராம் எடுத்தால் அதில் உலர்ந்த பொருள் சுமார் 1 கிராம். 5,000-ஐ 16-ஆல் வகுத்தால் 312. அதாவது அந்த 1 கிராமில் காப்சைசின் 0.3 மில்லிகிராம் சொச்சம். அதே சமயம் 40,000 ஸ்கோவில் உள்ள கயேன் மிளகாய்த்தூள் ஒரு கிராமில் 2.5 மில்லிகிராம். எண்ணைப் பார்த்தால் கயேன் எட்டு மடங்கு. ஆனால் பச்சை ஹலபீனோவையும் காய்ந்த கயேன் தூளையும் கிராமுக்குக் கிராம் வைத்தால் எண்பது மடங்கு! 10 கிராம் பச்சை ஹலபீனோவின் காரத்துக்கு கயேன் தூள் ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு போதும். பச்சையைப் பச்சையோடும், காய்ந்ததைக் காய்ந்ததோடும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.

உலக சாதனை எண்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அது சராசரியா, உச்சமா? 2012-இல் டிரினிடாட் மொருகா ஸ்கார்ப்பியன் 20 லட்சத்தைத் தாண்டியது என்ற செய்தி பரவியது. அது தனிச்செடிகளின் காய்களில் கண்ட உச்ச அளவு. அந்த ரகத்தின் சராசரி 12 லட்சம்தான். 2013-இல் கின்னஸ் பட்டியலில் ஏறிய கரோலினா ரீப்பருடைய 15,69,300 ஒரு சராசரி எண். உச்சத்தையும் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு 'எது பெரியது' என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

படி 3: ரகங்களை ஏணியில் ஏற்றுங்கள்

எல்லா எண்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பத்துப் பத்து மடங்காக ஏறும் ஓர் ஏணியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடிமட்டத்தில் குடைமிளகாய், 0. இதில் காரம் 'குறைவு' என்று சொல்வது தப்பு, சுத்தமாகவே கிடையாது. காப்சைசின் தயாரிக்கத் தேவையான பன்1 என்ற மரபணு இதில் வேலை செய்வதில்லை.

முதல் படி, ஆயிரத்தை ஒட்டியது. அனாஹைம் 500 முதல் 2,500. பொப்லானோ 1,000 முதல் 2,000. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கும் காஷ்மீரி மிளகாயும் இந்தப் பக்கம்தான்.

அடுத்தது ஆயிரங்களிலிருந்து பத்தாயிரங்களுக்குப் போகும் வழி. ஹலபீனோ 2,500 முதல் 8,000. செரானோ 10,000 முதல் 23,000. பார்ப்பதற்கு ஹலபீனோவின் ஒல்லித் தம்பி போல இருக்கும் செரானோ, அண்ணனைவிடக் காரத்தில் மூன்று நான்கு மடங்கு.

பத்தாயிரங்களின் மேல்பகுதியில் கயேனும் டபாஸ்கோவும், இரண்டுமே 30,000 முதல் 50,000. குண்டூர் சன்னம் இவற்றுக்குப் பக்கத்தில் உட்காரும். தென் அமெரிக்காவின் அஜி அமரில்லோவும் இதே உயரம்தான். அதன் மேலே 50,000 முதல் 1,00,000 வரை ஊசி போல இருக்கும் தாய்லாந்து பறவைக்கண் மிளகாய்.

லட்சத்தைத் தாண்டினால் ஹபனேரோ, ஸ்காட்ச் பானட். இரண்டுக்கும் 1,00,000 முதல் 3,50,000. இங்கிருந்து மேலே இருப்பவை பெரும்பாலும் காப்சிகம் சைனென்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. பெயரில் சீனா இருந்தாலும் அதன் பூர்விகம் அமேசான் பகுதி. 18-ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்த தாவரவியலாளருக்கு இது சீனாவிலிருந்து வந்தது என்ற தப்பான எண்ணம். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உச்சிக்கிளையில் பத்து லட்சக்காரர்கள். வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜோலோக்கியா 10,01,304 என்ற எண்ணோடு 2007-இல் கின்னஸில் ஏறியது. அதுவரை கிரீடம் ரெட் சவினா என்ற ஹபனேரோவிடம், வெறும் 5,77,000-க்கு இருந்தது. ஏறக்குறைய ஒரே தாவலில் இரண்டு மடங்கு! கரோலினா ரீப்பர் 2013-இல் வந்து, பிறகு 16,41,183 என்று எண் திருத்தப்பட்டது. அதை வளர்த்த எட் கரியே உருவாக்கிய பெப்பர் எக்ஸ் 2023-இல் 26,93,000 என்ற சராசரியோடு முதலிடம் பிடித்தது.

இந்த ஏணியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண் பத்து மடங்கு ஏறினால் எரிச்சலும் பத்து மடங்கு ஏறிவிடாது. நம் உணர்வு கூட்டல் கணக்கில் போவதில்லை, மடங்குக் கணக்கில் போகிறது. 5,000-க்கும் 10,000-க்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்கு நன்றாகவே தெரியும். 10,00,000-க்கும் 10,05,000-க்கும் அதே 5,000 வித்தியாசம்தான், எந்த நாக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது கழித்துப் பார்க்காதீர்கள், வகுத்துப் பாருங்கள்.

படி 4: ஒரே ரகத்துக்குள் ஏன் இவ்வளவு இடைவெளி?

ஹபனேரோவுக்கு 1,00,000 முதல் 3,50,000 என்றால், கீழே இருப்பதைவிட மேலே இருப்பது மூன்றரை மடங்கு. காரணங்கள் பல. விதையின் பரம்பரை முதல் காரணம். 'ஹலபீனோ' என்ற ஒரே பெயரில் காரம் குறைவாக இருக்கும்படி வளர்த்தெடுத்த வகைகளும் விற்பனைக்கு உண்டு. தண்ணீருக்குத் தவித்த செடி, வெயிலில் வாடிய செடி பெரும்பாலும் காரமான காய் கொடுக்கும். காயின் வயதும் முக்கியம். பூ உதிர்ந்து காய் பிடித்த பிறகு காப்சைசின் ஏறிக்கொண்டே போய், சுமார் 40, 50 நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் இறங்கவும் செய்யும். ஒரே செடியில் இருக்கும் இரண்டு காய்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஸ்பெயினின் பட்ரோன் மிளகாய் இதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலான காய்கள் சாதுவாக இருக்கும். நடுவே ஒன்று ஆளைத் தூக்கிப் போடும். எது அந்த ஒன்று என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வெளித்தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஏறினால் காரம் ஏறும் என்பது பொய். சிவப்பு கேரட்டினாய்டு நிறமிகளுடைய வேலை, காரம் காப்சைசினுடையது. சுருக்கம் விழுந்த பியாடகி மிளகாய் அடர்சிவப்பாக இருந்தும் காரத்தில் நடுத்தரம்தான். சிறிய காய் என்றால் காரம் அதிகம் என்பது ஓரளவு பொருந்தும், ஆனால் ஆப்பிள் குட்டி போலக் குண்டாக, கறுப்பு விதையோடு இருக்கும் ரொகோட்டோவைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அதுவும் 30,000-த்தைத் தாண்டும் ரகம்.

படி 5: வெட்டிப் பாருங்கள்

ஒரு காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய பஞ்சு போன்ற தண்டு தெரியும். அதிலிருந்து கிளம்பி காயின் சுவரோடு ஓடும் மெல்லிய வெள்ளை நரம்புகளும் தெரியும். காப்சைசின் உற்பத்தியாவது இங்கேதான், விதையில் அல்ல. காரமான காயாக இருந்தால் அந்தத் தண்டின் மேல் மஞ்சள் கலந்த, எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு தெரியும். அவை காப்சைசின் நிரம்பிய நுண்பைகள். விதை தண்டோடு உரசிக்கொண்டே இருப்பதால் அதன் மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. 'விதையை எடுத்தால் காரம் போய்விடும்' என்பதில் பாதி உண்மை எங்கிருந்து வருகிறது என்றால், விதையைச் சுரண்டும்போது தண்டும் கூடவே வந்துவிடுவதால்.

பத்து லட்சக்காரர்களிடம் இந்த வித்தை பலிக்காது. 2015-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, அந்த ரகங்களில் நுண்பைகள் நடுத்தண்டோடு நிற்காமல் சதைச்சுவரின் உள்பக்கமெங்கும் பரவியிருந்தன. ஹலபீனோவில் நடுத்தண்டை எடுத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அதே வேலையை ரீப்பரிடம் செய்துவிட்டு நம்பிக்கையோடு கடித்தால் அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: காயின் நுனியை மட்டும் கடித்துவிட்டு 'காரமே இல்லை' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. நுனியில் தண்டு இருப்பதே இல்லை என்று சொல்லலாம். கடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், காம்புக்குக் கீழே நடுப்பகுதியில் வட்டமாக ஒரே தடிமனில் சீவி, இரண்டு ரகத்திலும் அதே இடத்துத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டில் ஒரு நேர்மையான பரீட்சை

ஸ்கோவில் செய்ததை அப்படியே செய்ய ஆல்கஹாலும் ஆய்வகமும் வேண்டும். அதையே எண்ணெயில் செய்யலாம், ஏனென்றால் காப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். இதில் ஸ்கோவில் எண் நேரடியாகக் கிடைக்காது. 'இது அதைவிட எத்தனை மடங்கு' என்பது கிடைக்கும்.

தேவையானவை: ஒவ்வொரு ரகத்திலும் குறைந்தது ஐந்தாறு காய், வாசனையில்லாத எண்ணெய், ஒரு கிராம் எடையைக்கூடக் காட்டும் தராசு, சிறிய கிண்ணங்கள் எட்டு, கையுறை. ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எப்போதும் கிடைக்கும் ஒரு ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் கயேனை வைத்திருக்கிறேன்.

காய்களைக் காம்பு நீக்கிப் பிளந்து, ஓவனில் 60 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் 'மளுக்'கென்று உடைய வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் எடைக் கணக்கு கெட்டுவிடும். பிறகு ஐந்தாறு காயையும் சேர்த்து, தண்டு, விதை எதையும் கழிக்காமல் நைசாக அரையுங்கள். ஒரு காயின் அதிர்ஷ்டம் மற்ற காய்களோடு கலந்து சராசரியாகிவிடும் என்பதற்குத்தான் இத்தனை காய். அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மூடியைத் திறந்ததும் குனியாதீர்கள், நெடி அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள்.

ஒவ்வொரு தூளிலும் சரியாக 1 கிராம் எடுத்து 20 கிராம் எண்ணெயில் கலந்து, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் வையுங்கள். அவ்வப்போது கலக்கிவிடுங்கள். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சின்னத் தராசில் 1 கிராம் நம்பகமாக வராது என்று தோன்றினால் 3 கிராமும் 60 கிராமும் போடுங்கள். விகிதம்தான் முக்கியம். ஹபனேரோவுக்கு மேலே உள்ள ரகம் என்றால் 1 கிராமுக்கு 200 கிராம் எண்ணெய் எடுத்துக்கொண்டு, கடைசியில் கிடைப்பதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

இப்போது கிண்ணங்களை 1 முதல் 8 வரை எண்ணிட்டு வரிசையாக வையுங்கள். முதல் கிண்ணத்தில் வடிகட்டிய எண்ணெய் 10 கிராம். அதிலிருந்து 5 கிராம் எடுத்து இரண்டாவதில் ஊற்றி, 5 கிராம் வெறும் எண்ணெய் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டாவதிலிருந்து 5 கிராம் மூன்றாவதுக்கு, மறுபடி 5 கிராம் வெறும் எண்ணெய். இப்படியே எட்டு வரை. ஒவ்வொரு கிண்ணத்திலும் காரம் முந்தையதில் பாதி.

சுவைப்பது எட்டிலிருந்து தொடங்கி மேலே. அதாவது நீர்த்ததிலிருந்து காரமானதுக்கு. முதலில் காரமானதைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு நாக்கு சாட்சி சொல்ல லாயக்கில்லை. காப்சைசின் பட்ட நரம்பு கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போகும். ஒரு துளியை நாக்கின் நடுவில் விட்டு 30 நொடி காத்திருங்கள். சந்தேகமில்லாமல் சூடு தெரிகிற முதல் கிண்ணம் எது என்று எழுதிவைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். அடுத்த ரகத்துக்குப் போவதற்கு முன் ஒரு மடக்குப் பாலும் பத்து நிமிட இடைவேளையும். ஒரே உட்காரலில் மூன்று ரகத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கிண்ணம் எந்த ரகம் என்று சுவைப்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பெயரைக் கேட்டதுமே வியர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்!

கணக்கு இப்படி. கயேன் மூன்றாவது கிண்ணத்தில் தெரிந்தது, இன்னொரு ரகம் ஆறாவதிலேயே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிண்ணம் வித்தியாசம், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு. ஆக 2 × 2 × 2, எட்டு மடங்கு. கயேனை 40,000 என்று எடுத்துக்கொண்டால் மற்றது 3,20,000-ஐ ஒட்டி, ஹபனேரோ வட்டாரத்தில் இருக்கிறது. ஒரு கிண்ணம் முன்னே பின்னே போவது சகஜம். எனவே இந்த எண்ணில் இரட்டிப்பாகவோ பாதியாகவோ பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சுவைத்து, நடுவில் வரும் விடையை எடுத்தால் பிழை குறையும். மீந்த எண்ணெயைச் சேமித்து வைக்காமல் அன்றே கொட்டிவிடுங்கள்.

படி 7: காரத்தின் குணத்தையும் எழுதுங்கள்

எண் ஒன்றாக இருந்தும் இரண்டு மிளகாய் வேறு வேறாக எரியும் என்றேன் அல்லவா, அதைப் பிடிக்க நான்கு கேள்விகள் போதும். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது? வாயில் எங்கே தெரிகிறது? ஊசி குத்துவது போலவா, பூசிவிட்டது போலப் பரவலாகவா? எவ்வளவு நேரம் நிற்கிறது? கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நொடிக்கணக்கில் எழுதினால் ஆச்சரியமாக இருக்கும்.

என் குறிப்பேட்டிலிருந்து: பறவைக்கண் மிளகாய் கடித்த உடனே சுரீர் என்று நாக்கு நுனியில், குத்தலாக, ஐந்து நிமிடத்தில் பாதி அடங்கியது. ஹபனேரோ முதல் பத்து நொடி பழ வாசனையோடு ஒன்றும் தெரியாதது போல் இருந்துவிட்டு, பிறகு தொண்டைப் பக்கம் மெல்ல ஏறிப் பதினைந்து நிமிடம் காந்திக்கொண்டிருந்தது. இதனால்தான் ஹபனேரோவைத் தொட்டவர்கள் அவசரப்பட்டு இரண்டாவது வாய் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 8: புட்டியிலும் பொட்டலத்திலும் இருக்கும் எண்

மிளகாயின் எண்ணும், அந்த மிளகாயில் செய்த சாஸின் எண்ணும் ஒன்றல்ல. டபாஸ்கோ மிளகாய் 30,000-த்தைத் தாண்டும். அதில் செய்யும் டபாஸ்கோ சாஸ் 2,500 முதல் 5,000 வரைதான். வினிகர் அவ்வளவு நீர்க்கவைத்துவிடுகிறது. புட்டியில் ரீப்பர் படம் போட்டிருந்தால், பொருள் பட்டியலில் ரீப்பர் எத்தனையாவதாக இருக்கிறது என்று பாருங்கள். தக்காளிக்கும் சர்க்கரைக்கும் பின்னால் இருந்தால் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிரித்தெடுத்த காப்சைசின் சாறு சேர்த்த சாஸ் என்றால் கதை வேறு. அதில் எந்த மிளகாயின் எண்ணையும் தாண்டிப் போக முடியும், வாசனை மட்டும் இருக்காது.

ஒரு ரகத்துக்குப் பதில் இன்னொன்றைப் போடும்போது வகுத்துக்கொள்ளுங்கள்: பழையதன் எண்ணைப் புதியதன் எண்ணால் வகுத்து, அந்தப் பங்கு எடைதான் முதலில் போட வேண்டும். அதிலும் பாதியைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் சேர்ப்பது என் வழக்கம். சேர்த்துவிட்ட காரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, கொதிக்கவைத்தாலும் காப்சைசின் பெரிதாக அழியாது.

கையும் கண்ணும்

எரிச்சலுக்குத் தண்ணீர் குடித்தால் ஒரு நொடி ஆறுதல், பிறகு எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். பாலில் உள்ள கேசின் புரதம் காப்சைசினைக் கழுவிக்கொண்டு போகும். குளிர்ந்த பால், தயிர், இல்லையென்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை.

பத்து லட்சக்காரர்களை முழுசாகத் தின்று பார்ப்பது விளையாட்டல்ல. ரீப்பரைத் தின்ற 34 வயது ஆண் ஒருவருக்கு இடி விழுந்தாற்போலக் கடும் தலைவலி வந்து, மூளை ரத்தக்குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கியிருந்ததை மருத்துவர்கள் 2018-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள் இந்தப் பரீட்சையின் பக்கமே வர வேண்டாம்.

கையுறைக்கு நைட்ரைல் நல்லது. லேட்டக்ஸ் மெல்லியதாக இருந்தால் காப்சைசின் ஊடுருவிவிடும். வேலை முடிந்ததும் முதலில் கையில் சமையல் எண்ணெய் தேய்த்து, அப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். நகக்கண்ணை மறக்க வேண்டாம். நான் ஒருமுறை ஹபனேரோ வெட்டிவிட்டு மூன்று தடவை கை கழுவினேன். ஐந்து மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றினேன். மறுநாள் காலை அதைத் திரும்பப் போட்டபோது இன்னொரு முறையும் அழுதேன்.